பெரட்டுத் திடலில் யாரும் கைதட்டுவதில்லை

1

நேற்றோடு நான் கோலாலம்பூர் வந்து மூன்று வருடம் ஆகிறது. அந்த நாளைக் குடிநுழைவு அலுவலகத்தில், காலை எட்டு மணியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கொண்டாடினேன்.

ஒவ்வொரு வருடமும் இந்தச் சமயத்தில் வேலை பெர்மிட்டைப் புதுப்பிக்க வேண்டும். பாஸ்போர்ட், முதலாளி கடிதம், மூன்று படம், நிரப்பிய இரண்டு பாரம். இவை எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பெரிய மனிதரின் கடிதம்: "இவரை எனக்குத் தெரியும், இவருடைய பணி இங்கே தேவைப்படுகிறது." அப்படி ஒரு கடிதம் வேண்டுமென்று சட்டத்தில் எங்கும் இல்லை. ஆனாலும் அது மேலே இருந்தால் அதிகாரி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்வார். இல்லாவிட்டால் பின்னால் சாய்வார். நேற்று சாய்ந்தார்.

"சூராட் மானா?" என்றார். கடிதம் எங்கே?

"தாடா" என்றேன். இல்லை.

"கெர்ஜா?" என்றார். என்ன வேலை?

முதல் வருடம் இதே கேள்விக்கு, மலாய் பேசிப் பார்க்கும் ஆசையில், "துலிஸ்" என்று சொன்னேன். எழுதுகிறேன். என்ன எழுதுகிறாய் என்றார். எனக்குத் தெரிந்த அடுத்த வார்த்தை "சாக்காப்". பேச்சு. பேச்சு எழுதுகிறேன்! அவரும் பக்கத்துக் கவுண்டர் அம்மாவும் சிரித்த சிரிப்பில் ஒரே நிமிடத்தில் முத்திரை விழுந்தது. இந்த முறை யாரையும் சிரிக்கவைக்க மனம் வரவில்லை. "பிரஸ்" என்றேன். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, வியாழக்கிழமை வா என்றார்.

கடிதம் இந்த வருடம் ஏன் இல்லை என்று அம்மா கேட்டு எழுதியிருக்கிறாள். அவளுக்கு எழுத ஏர்மெயில் தாளில் இடம் போதாது. உங்களுக்கு எழுதுகிறேன்.

2

பிரிக்ஃபீல்ட்ஸில், ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு எதிர்ச் சாரியில் இருக்கிறது சித்தப்பாவின் அச்சகம். தாத்தா காலத்து வட்டிக்கடையெல்லாம் போய் எங்கள் குடும்பத்துக்கு இந்த ஊரில் மிஞ்சியது அதுதான். பி.ஏ. தமிழ் முடித்துவிட்டு தேவகோட்டையில் சும்மா திரிந்த என்னை, மெய்ப்புத் திருத்த ஆள் வேண்டும் என்று வரவழைத்தார். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், கருமாதி அட்டை எல்லாம் அடிப்போம். ஆனால் வண்டி ஓடுவது கூட்டங்களால். இங்கே ஒரு தமிழர் கூட்டம் என்றால் சுவரொட்டி, அழைப்பிதழ், பொன்னாடை போர்த்தியதும் வாசித்துக் கொடுக்கிற வாழ்த்து மடல் மூன்றும் வேண்டும்.

அதில் எங்களுக்கு ஒரு முறை உண்டு. ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கோத்து, அச்சடித்து முடிந்ததும் பிரித்து எழுத்துப் பெட்டியில் அந்தந்த அறையில் திரும்பப் போடுவார்கள். அடுத்த வேலைக்கு எழுத்து வேண்டுமே. ஆனால் தலைவரின் அடைமொழிகளை மட்டும் நாங்கள் பிரிப்பதில்லை. "பாட்டாளி வீட்டுப் பகலவன்", "கொள்கைக் குன்று", "தோட்டப்புற மக்களின் தோள்" என்று தனித்தனியாக நூல் போட்டுக் கட்டி ஒரு தட்டில் அடுக்கி வைத்திருப்போம். வாராவாரம் தேவைப்படுவதால் அப்படி.

எழுத்துக் கோப்பவர் அருளப்பன் அண்ணன். நாற்பது வயது. பந்திங் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, பாதிரியார் சிபாரிசில் டவுனுக்கு வந்து தொழில் பழகியவர். "தம்பி, குன்ற எடுங்க. பகலவன் கீழ வெச்சா அரப்பக்கம் ரொம்பிரும்லா" என்பார். சமையல்காரர் உப்பைக் கேட்கிற மாதிரிதான் இருக்கும்.

எந்தத் தலைவர் என்று கேட்காதீர்கள். நீங்கள் இருக்கும் ஊரிலும் ஒருவர் இருக்கிறார், அவரையே நினைத்துக்கொள்ளுங்கள். சுவரொட்டிக்கு எங்களிடம் இருக்கும் படம் பன்னிரண்டு வருடத்துக்கு முந்தியது. அதிலும் தலைமுடிக்குத் தூரிகையால் கருப்பு ஏற்றி, தாடைக்குக் கீழே தொங்கும் சதையைச் சீவி, பார்வையைக் கொஞ்சம் வானத்துப் பக்கம் திருப்பியிருந்தோம். ஒருநாள் அவரே நேரில் அச்சகத்துக்கு வந்தார். தினமும் அந்த முகத்தை அச்சடிக்கிற அருளப்பன் அண்ணன் நிமிர்ந்து பார்த்து, "யார வேணும் அங்கிள்?" என்று கேட்டார். சித்தப்பா ஓடி வந்து நாற்காலி போட்டார்.

அன்றைக்கு நான் சிரித்தேன். சிரித்த கையோடு அவருக்குப் பேச்சு எழுதும் வேலையையும் வாங்கிக்கொண்டேன்.

3

எழுதக் கசக்குமா? கல்லூரியில் மூன்று வருடமும் பேச்சுப் போட்டிக் கோப்பை எனக்குத்தான். சொற்றொடரை மூன்று மூன்றாக அடுக்கினால் கூட்டம் மூன்றாவதில் எழும் என்று தெரியும். எங்கே குரலை இறக்கி, எங்கே மேல்துண்டை இழுத்துவிட வேண்டும் என்பதுவரை தாளின் ஓரத்தில் குறித்துக் கொடுத்தேன். தலைவருக்கு ஆங்கிலமும் மலாயும் சரளம். தமிழ்தான் பாதி வழியில் நின்றுவிடும். "தம்பி எழுத்து நம்ம வாய்க்கு நல்லா உக்காருது" என்றார். ஆறே மாதத்தில் ஷா ஆலம் முதல் ரவாங் வரை என் வாக்கியங்கள் போய்வந்தன. அடைமொழித் தட்டிலும் நாலு கட்டு கூடியது. எல்லாம் என் கைவண்ணம்.

நம்மூரில் மேடைப் பேச்சைக் கேட்டு வளர்ந்தவன் நான். பேச்சாளர் உயிரைக் கொடுப்பேன் என்பார். நாம் விசிலடிப்போம். அவர் உயிரோடு காரில் ஏறிப் போவார். நாம் கடலைப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டு, "ரெண்டாவது ஆள் பேச்சு போன மாசம் காரைக்குடியில பேசினதுதான்" என்று அலசிக்கொண்டே வீட்டுக்கு நடப்போம். அவர் உயிரைக் கொடுக்கவில்லையே என்று யாரும் மறுநாள் போய்க் கேட்டதில்லை. கேட்பதற்கும் நம்புவதற்கும் நடுவே இருக்கும் அந்த இடைவெளி எல்லா ஊரிலும் இருக்கும் என்று நினைத்தேன். தமிழ் ஒன்றுதானே, காதும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று.

இங்கே வந்த முதல் வாரமே யோசித்திருக்கலாம். காலையில் பார்க்கிறவர்களெல்லாம் "பசியாறிட்டீங்களா?" என்று கேட்டார்கள். நம் ஊர் ஞாபகத்தில், பட்டினி கிடக்கிறவனைப் போலவா தெரிகிறேன் என்று எனக்கு ரோஷம். இங்கே காலை உணவுக்கே அதுதான் பெயர் என்று சித்தப்பா மகள் மீனா சொல்லித்தான் தெரிந்தது. அவளுக்குப் பதினைந்து வயது. வீட்டில் ஆங்கிலம், பள்ளியில் மலாய். தமிழ் பேசுவாள், எழுத்துக் கூட்டி வாசிக்கமாட்டாள். அச்சக முதலாளி மகளுக்குத் தமிழ் படிக்கத் தெரியவில்லை என்று நான் அவளைக் கிண்டல் செய்துகொண்டிருந்தேன்.

4

அருளப்பன் அண்ணன் பிறந்த தோட்டத்தை வீடு கட்டும் கம்பெனி ஒன்று வாங்கிவிட்டது. லயங்களில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், மிச்சம் இருந்தவை பதினொரு குடும்பங்கள். தலைவர் அங்கே கூட்டம் போட்டார். பேச்சு என்னுடையது.

அதில் ஒரு வரி. எழுதியபோது நானே எழுந்து நின்று உரக்கச் சொல்லிப் பார்த்தேன்:

"இந்த லயத்துக் கூரையிலிருந்து ஒரு தகரத்தைக் கழற்ற வேண்டுமென்றால், முதலில் என் நெஞ்சின் மேல் ஏணியைச் சாய்க்கட்டும்! எந்தத் தாளும் உங்களை இங்கிருந்து அசைக்காது. நான் இருக்கிறேன்!"

அந்த ஏணி மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை. அது விழும்போது கூட்டம் என்ன ஆகிறது என்று பார்க்கவே ஞாயிற்றுக்கிழமை தலைவரின் காரில் ஒட்டிக்கொண்டு போனேன்.

தோட்ட ஆபீஸுக்கு முன்னால் ஒரு செம்மண் திடல். தினமும் விடியற்காலையில் அங்கேதான் பெரட்டு நடக்கும். வேலையாட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிட்டு, யாருக்கு எந்தப் பக்கம் வேலை என்று சொல்லி அனுப்புவது. மேடையும் அதே இடத்தில் போட்டிருந்தார்கள். நூறு பேருக்கு மேல் இருக்காது. பக்கத்துத் தோட்டத்து ஆட்களும் வந்திருந்தார்கள். தலைவர் நன்றாகப் பேசினார். நான் ஓரத்தில் குறித்த இடத்தில் சரியாகக் குரலை இறக்கினார், துண்டை இழுத்தார், ஏணியைச் சாய்த்தார்.

ஒரு கைத்தட்டல் இல்லை.

இருமல்கூட இல்லை. நின்ற இடத்தில் அப்படியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். முன்வரிசையில், தலையில் துண்டு கட்டிய ஒரு பெண் மெல்லத் தலையை ஆட்டினார். அவ்வளவுதான். காரில் வரும்போது தலைவர், "அந்த ஏணி எடுபடல தம்பி" என்றார். எனக்கு அழுகை வராத குறை. அந்த வரியில் எந்தச் சொல்லை மாற்றலாம் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன்.

5

இரண்டு வாரம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை, அருளப்பன் அண்ணன் வேலையை நிறுத்திவிட்டு என் மேசைக்கு வந்தார். கையில் நாலாக மடித்த ஒரு பாரம்.

"தம்பி, இதுல என்ன போட்டிருக்கான்னு பாருங்க. எனக்கு மலாய் பேசத்தான் வரும்."

எனக்கு அதுவும் வராது. மீனா பள்ளிச் சீருடையோடு உள்ளே வந்தாள். அவளிடம் நீட்டினேன். விரலை ஓட்டிப் படித்துவிட்டு, "வீடு கொடுக்கறாங்க. ஃபிளாட்ல. லயத்துக்குப் பதிலா. மாசக் கடைசிக்குள்ள சைன் பண்ணணும். சைன் பண்ணலேன்னா வேணாம்னு அர்த்தமாம். அப்புறம் கேக்க முடியாது" என்றாள்.

மாசக் கடைசி வெள்ளிக்கிழமை. நடுவில் இரண்டு நாள்.

"சரி, கையெழுத்துப் போட வேண்டியதுதானே?" என்றேன்.

அருளப்பன் அண்ணன் ஈயக் கறை படிந்த விரல்களைச் சட்டையில் துடைத்தார். "எங்கக்கா போடமாட்டேங்குது. ஞானம்மான்னு. கூட்டத்துல முன்னால நின்னுச்சே, துண்டு கட்டிக்கிட்டு. அதுதான். அது போடலன்னு மத்த பத்து வீடும் போடல. அதோட மவன் ஸ்ரீ கெம்பாங்கான்ல ஃபேக்டரி வேல, ஞாயித்துக்கெழம வந்து கத்து கத்துன்னு கத்திட்டுப் போனான். கேக்கல. 'அன்னிக்கு அவரு நின்னு சொன்னாரு, எந்தத் தாளும் வேணாம், நான் இருக்கேன்னு. நீ பெரிய மனுசனா, அவரு பெரிய மனுசனா?'ன்னு கேக்குது."

"யாரும் கைதட்டவே இல்லையே அண்ணே!" என்று கத்தினேன். அதுதான் முதலில் வாயில் வந்தது. வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "பெரட்டுல யாரு தம்பி கைதட்டுவா? அங்க நின்னு ஒருத்தர் சொன்னா கேட்டுக்கிட்டு அதும்படி செய்யறதுதான். தொர வந்து இன்னிக்கு வேல இல்லன்னா வேல இல்ல. அஞ்சாம் நம்பர் காட்டுல மருந்தடின்னா மருந்தடிக்கணும். பொறந்ததுலேருந்து அந்த எடத்துல வேற மாதிரி பேச்சே நாங்க கேட்டதில்ல."

மீனா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அந்த அங்கிள் சைன் பண்ண வேணாம்னு சொன்னாரா? அதுக்கு லெட்டர் ஏதும் இருக்கா?"

"அவர் சொல்லல. நான் எழுதினேன்."

"ஐயோ அண்ணே. அப்ப நீங்க போய் சொல்லுங்கலா."

அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். தமிழ் வாசிக்கத் தெரியாத பெண்.

6

நான் முதலில் தலைவரிடம்தான் போனேன். அவர் வாயாலேயே ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. பங்சாரில் வீடு. நல்ல வரவேற்பு. குடிக்க மைலோ கொடுத்தார்கள். அவரைக் கெட்டவர் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அடுத்தவர் கஷ்டத்தைக் கேட்டால் முகம் வாடிவிடும் மனிதர். அந்த நேரத்துக்கு அது உண்மையான வாட்டம்தான்.

"அடடா. நான் அப்படியா சொன்னேன்?"

"ஏணி, ஐயா. நெஞ்சு மேல ஏணி."

"ஆங், ஏணி!" முகம் தெளிந்தது. "கம்பெனிக்காரன்கிட்ட நிச்சயம் பேசறேன். அடுத்த மாசம் பாக்கறதா இருக்கேன்."

"வெள்ளிக்கிழமை கடைசி ஐயா. கையெழுத்துப் போடுங்கன்னு நீங்க ஒரு வரி எழுதிக் கொடுத்தாப் போதும். நானே கொண்டுபோறேன்."

அவர் கொஞ்ச நேரம் மைலோவைக் கலக்கினார். "அத எப்படித் தம்பி எழுத்துல குடுக்கறது? போராடுவேன்னவன் கையெழுத்துப் போடச் சொன்னான்னு நாளைக்கி எதிராளி பேசமாட்டானா? அவங்களே புரிஞ்சிக்குவாங்க. நம்ம ஜனங்க கெட்டிக்காரங்க." பிறகு, நான் எழுந்தபோது, நிஜமான அன்போடு தோளைத் தட்டினார். "ரெண்டு வாரத்துல டெங்கில் பக்கம் ஒரு தோட்டத்துல கூட்டம். இதே பிரச்சனதான். அந்த ஏணிய அங்கயும் வெச்சிருங்க. இந்தத் தடவ எடுபடும்."

சித்தப்பாவிடம் நடந்ததைச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"சோமு, ஒன் பெர்மிட் அடுத்த மாசம். லெட்டர் அவரு குடுக்கணும்."

"தெரியும் சித்தப்பா."

"நம்ம வேல அச்சடிக்கறது. கல்யாணப் பத்திரிகையில சகல சௌபாக்கியம்னு போடறோம். அந்தப் புள்ளைங்க சண்ட போட்டுப் பிரிஞ்சா நம்ம மேலயா வந்து விழறாங்க?"

"கல்யாணப் பத்திரிகைய நம்பி யாரும் வீட்ட விடல சித்தப்பா."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "போறதுன்னா கிள்ளான்ல பஸ் மாறணும். அருளப்பனக் கூட்டிக்கிட்டுப் போ" என்றார். போ என்றாரா, போகாதே என்றாரா, இன்றுவரை அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

7

வியாழக்கிழமை மதியம் நாங்கள் போனபோது ஞானம்மா அக்கா வேலையிலிருந்து வந்து, வாசல் குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தார். பக்கத்தில், எண்ணெய் எடுக்கும் செம்பனையின் உதிர்ந்த பழங்களைப் பொறுக்கும் வாளி. ஐம்பது வயதிருக்கும். தம்பியைப் பார்த்ததும், "பாரத்துக்காக வந்திருந்தா டீய குடிச்சிட்டுப் போயிரு" என்றார்.

"இவருதான் அக்கா, தலைவருக்குப் பேச்சு எழுதறவரு."

என்னைப் பார்த்தவுடன் முகம் மலர்ந்தது. துண்டால் பெஞ்சைத் துடைத்தார். அந்த மரியாதைக்கு முன்னால் உட்கார முடியவில்லை. நின்றபடியே சொல்லிவிட்டேன். ஏணியும் நெஞ்சும் நான் எழுதியவை. தலைவர் தாளைப் பார்த்துப் படித்தார். அவருக்கும் கம்பெனிக்கும் பேச்சுவார்த்தை எதுவும் நடக்கவில்லை. கையெழுத்துப் போடாவிட்டால் வெள்ளிக்கிழமைக்குப் பிறகு உங்களுக்கு எந்த வீடும் இல்லை.

அவர் துண்டை மடித்தார். ரொம்ப நேரம் மடித்தார்.

"தம்பி இங்க முன்னாடி வந்திருக்கீங்களா? எழுதறதுக்கு முன்னாடி?"

"இல்ல அக்கா."

"அதான். எங்க கூர தகரம் இல்ல. அஸ்பெஸ்டாஸ். தகரத்த எடுத்து வருசம் ஆச்சு." மேலே கையைக் காட்டினார். "கூட்டத்தன்னிக்காவது நிமிந்து பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. நான் கூட்டத்தின் கைகளை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நான் நெனச்சேன், தகரம்னு சொல்றாரே, பழசெல்லாம் தெரிஞ்ச மனுசன் போலன்னு" என்றார். சிரிக்கவில்லை. அருளப்பன் அண்ணன் மெல்ல, "கையெழுத்துப் போட்டுரு அக்கா" என்றார்.

"நான் போடறது இருக்கட்டும்டா. நான் சொல்லித்தான் பத்து வீடு போடல. இப்ப நானே போய்ப் போடுங்கன்னா என்ன சொல்லுவாங்க? ஞானம்மா கம்பெனிகிட்ட எதையோ வாங்கிட்டான்னு சொல்லமாட்டாங்க?" என் பக்கம் திரும்பினார். "தம்பி, ராத்திரி இங்க அருளப்பங்கூடப் படுத்துக்குங்க. காலையில அஞ்சரைக்குப் பெரட்டு. அங்க நின்னு நீங்க சொல்லுங்க. வீடு வீடா வந்து சொன்னா அது பேச்சு. அங்க சொன்னாத்தான் சேதி."

மூன்று வருடக் கோப்பைக்காரன். தூக்கம் வராமல் மனத்துக்குள் ஒரு பேச்சு தயாரித்தேன். தொடக்கம், நடு, மன்னிப்பு, மூன்று மூன்றாக அடுக்கிய முடிவு. காலையில் மஞ்சள் விளக்குக்குக் கீழே, தோளில் குலை வெட்டும் நீண்ட கத்திக் கம்பும் கையில் வாளியுமாக அவர்கள் நின்றார்கள். வேலை பிரித்துக் கொடுக்கும் மண்டோர் பெயர்களைக் கூப்பிட்டு முடித்தார். ஞானம்மா அக்கா அவரிடம் முன்பே சொல்லி வைத்திருந்தார். "இவரு ஒண்ணு சொல்லணுமாம்" என்று மண்டோர் ஒதுங்கி நின்றார்.

அந்த முகங்களைப் பார்த்ததும் தயாரித்ததெல்லாம் போய்விட்டது. "அன்னிக்கி தலைவர் சொன்னதை நான்தான் எழுதிக் கொடுத்தேன். விசாரிக்காம எழுதினேன். உங்க வீட்டுக்கு அவர்கிட்ட எந்த ஏற்பாடும் இல்ல. இன்னிக்கிக் கடைசி நாள், பாரத்துல கையெழுத்துப் போட்டுருங்க. தப்பு என்னுது" என்றேன். அரை நிமிடம்கூட ஆகியிருக்காது.

கைத்தட்டல் இல்லை. திட்டவும் இல்லை. பின்வரிசையில் ஒரு பெரியவர், "ஆபீஸ் எத்தன மணிக்குத் தொறப்பாங்க?" என்று கேட்டார். ஒன்பது என்றார் மண்டோர். "அப்ப ஒம்போதுக்கு வந்து போட்டுட்டுப் போங்க. இப்ப ஏழாம் நம்பர் போறவங்க ட்ராக்டர்ல ஏறுங்க."

ஏறிப் போனார்கள். ஞானம்மா அக்கா என்னைக் கடக்கும்போது வாளியைக் கை மாற்றிக்கொண்டு, "ஏழரைக்குத்தான் பஸ். வீட்டுல ரொட்டி இருக்கு, பசியாறிட்டுப் போங்க" என்றார்.

பதினொரு வீடும் போட்டுவிட்டன. அக்கா கடைசியாகப் போட்டாராம். ஃபிளாட்டில் நாலாவது மாடி. கோழிகளை என்ன செய்வது என்று இன்னும் முடிவாகவில்லை. அவருடைய வீட்டுக்காரரைப் புதைத்த இடம் கம்பெனி வேலிக்குள் போகிறது. அதற்குப் பாரம் எதுவும் இல்லை.

8

தலைவரிடம் நான் செய்ததைச் சொன்னேன், இனிமேல் எழுதமாட்டேன் என்றும் சொன்னேன். கோபிக்கவில்லை. "இளரத்தம்" என்று சிரித்தார். கடிதம் மட்டும் வரவில்லை. சுவரொட்டி வேலையும் இப்போது வேறு அச்சகத்துக்குப் போய்விட்டது. அடைமொழித் தட்டை அருளப்பன் அண்ணன் ஒருநாள் கவிழ்த்து, நூலையெல்லாம் அவிழ்த்து, எழுத்துகளை அறை அறையாகப் பிரித்துப் போட்டார். இத்தனை "ன்" நம்மிடம் இருந்ததா என்று சித்தப்பாவுக்கே ஆச்சரியம். அவர் என்னிடம் அந்த விஷயத்தைப் பற்றிப் பேசுவதில்லை. ஆனால் நேற்று குடிநுழைவு அலுவலகத்துக்கு அவரும் வந்து, பக்கத்து பிளாஸ்டிக் நாற்காலியில் பன்னிரண்டு மணிவரை உட்கார்ந்திருந்தார்.

வியாழக்கிழமை பெர்மிட் கிடைத்தால் இருப்பேன். கிடைக்காவிட்டால் தேவகோட்டை பஸ் ஸ்டாண்டில் உங்களோடு நின்று கடலை தின்றுகொண்டே பேச்சுக் கேட்பேன். இரண்டுக்கும் தயார் என்று நினைத்துத்தான் இன்று காலை வேலைக்கு வந்தேன்.

அருளப்பன் அண்ணன் மேலங்கியை மாட்டிக்கொண்டே சொன்னார்: "ஞாயித்துக்கெழம டெங்கில்ல கூட்டம் நடந்துச்சாம். எம் மச்சான் போயிருக்கான். ஏணியப் போட்டாராம் தம்பி. அப்படியே, ஒரு வார்த்த மாறாம."

என் பழைய தாளையே வைத்துப் பேசியிருக்கிறார். 

"எங்க அண்ணே, கோயில் மண்டபத்துலயா?"

"இல்ல. பெரட்டுத் தெடல்ல."

"கைதட்டினாங்களா?"

"அதான் ஆச்சரியம்னு சொன்னான். ஒருத்தரும் தட்டலயாம். அத்தன பேரும் அமைதியா நின்னு கேட்டாங்களாம்."

மேசையைப் பூட்டினேன். டெங்கிலுக்கு எங்கே பஸ் மாற வேண்டும் என்று கேட்டேன்.